ஊசல் இலக்கியத்தில் காலும் விட்டமும்

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஊசல் என்பது ஒன்று. ஆசிரிய விருத்தத்தாலோ கலித்தாழிசையாலோ பாடப்பெற்று, ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் ஊசலாடுமாறு வேண்டி முடிவது அதன் இயல்பு. இலக்கிய வரலாறு எழுதுவோர் இவ்வகைக்கு அரைப்பக்கம் ஒதுக்குவர். மகளிர் விளையாட்டில் தோன்றிக் கோயில் விழாவிற் சென்று சேர்ந்தது என்று கூறி அப்பாற் செல்வர். கால் இன்னது, விட்டம் இன்னது, வடம் இன்னது, பலகை இன்னது என்று ஊசலின் உறுப்புகளை எண்ணிச் சொல்லும் தொடக்கப் பகுதியை ‘மரபு பற்றிய வருணனை’ என்னும் ஒரு தொடரால் ஒதுக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கம் நூல்களோடு நின்றிருந்தால் நாம் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. அது நம் மணமண்டபங்களுக்கும் வந்துவிட்டது. தாயகத்தை விட்டு வந்து குஜராத்தில் வாழும் நம் குடும்பங்களின் திருமணங்களில் ஊஞ்சற் சடங்குக்கு இப்போது கிடைப்பது கால் மணி நேரம். மண்டபத்தை அடுத்த வீட்டாருக்கு ஒப்படைக்க வேண்டும். புகைப்படக்காரருக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே பாட்டைச் சுருக்குகிறோம். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது காலும் விட்டமும் வரும் பகுதியே. மணமக்களை வாழ்த்தும் அடிகள் இருந்தாற் போதும், மரச்சாமான்களின் பட்டியல் எதற்கு என்று படித்தவர்களே கேட்கின்றனர். அந்தப் பட்டியலே ஊசற் பாட்டின் உயிர்நிலை என்பது நம் கருத்து. அதனை ஈண்டு ஒருவாறு நிறுவ முயல்வோம்.

முதலில் ஊஞ்சல் தொங்கும் முறையைச் சற்று நோக்க வேண்டும். இலக்கியத் திறனாய்வில் தச்சு வேலைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். தொங்கும் முறை அறியாமல் இப்பாடல்களைப் படிப்பது, தளை அறியாமல் வெண்பாவைப் படிப்பது போன்றது.

பழைய வீடுகளில் கூடத்திலோ முன்திண்ணையிலோ ஊஞ்சல் மாட்டுவோர் உத்தரத்தின் ஊடே துளையிட்டு, கொக்கியின் தண்டை மேலே ஏற்றி, அங்கே ஓர் இரும்புத் தகட்டை வைத்துத் திருகுமரையை முடுக்குவர். அல்லது உத்தரத்தையே சுற்றி வளைத்த இரும்புப் பட்டையிலிருந்து கொக்கியைத் தொங்கவிடுவர். இரண்டிலும் நுட்பம் ஒன்றே. கொக்கி மரத்தைக் கீழிருந்து பற்றிக்கொண்டு தொங்குவதில்லை. மரத்தின் மேல் ஏறி அமர்ந்து தொங்குகிறது. இன்றைய கான்கிரீட் வீட்டில் இதே பயனைப் பெற வேண்டுமாயின், தளம் வார்ப்பதற்கு முன்னரே கொக்கிக் கம்பியை வளைத்துத் தளத்தின் உள்ளிரும்புக் கட்டோடு பிணைத்துவிட வேண்டும். வார்த்து முடிந்த தளத்தில் துளையிட்டு இறுக்கும் ஆங்கர் போல்ட்டு பெரும்பாலும் உராய்வின் பிடியாலேயே நிற்பது. அசையாத சுமையைத் தாங்க அது போதும். முன்னும் பின்னும் ஓயாது இழுபடும் சுமைக்கு அதனை நம்புவது அறிவுடைமை ஆகாது. தளத்தை விட விட்டத்தில் பொருத்துவதும், இயலுமாயின் தளத்தை முழுதும் ஊடுருவி மேலே தகடு வைத்து முடுக்குவதும் நன்று. கட்டடத்தைக் கணக்கிட்ட பொறியாளரைக் கேட்டுச் செய்தல் இன்றியமையாதது.

ஓயாத இழுப்பு என்றோம். அதன் அளவையும் சொல்லிவிடுவோம். பள்ளிப் பாடநூல்களில் ‘தனி ஊசல்’ என்று படிக்கும் பாடமே இங்கும் பொருந்தும். எட்டடிச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை சென்று மீள ஏறத்தாழ 3 நொடி ஆகும். அமர்ந்திருப்பவர் ஒருவராயினும் நால்வராயினும் அந்த 3 நொடி பெரிதும் மாறுவதில்லை. ஒரு மணி நேரம் ஆடினால் 1100 முறைக்கு மேல் அது வளையத்தைக் கொக்கியில் தேய்க்கிறது. நிலைக்குத்திலிருந்து 30 பாகை விலக்கி விட்டால், அடியைக் கடக்கும் கணத்தில் சங்கிலி உணரும் இழுப்பு, அசையாதிருக்கும்போது உள்ள எடையைப் போல் ஒன்றேகால் மடங்குக்குச் சிறிது மேல்; 60 பாகை விலக்கி விட்டால் இரு மடங்கு. விரைந்து செல்லும் சிறுவர் ஊசலுக்கும் அமைதியாக அசையும் முதியோர் ஊஞ்சலுக்கும் கொக்கி ஒன்றாயினும் சுமை வேறு. ஆடுவது பலகை, ஆட்டத்தை ஏற்பது விட்டம். இவ்வொன்றை மனத்திற் கொண்டு நம் பாடல்களுக்குச் செல்வோம்.

சங்க இலக்கியத்தில் நாம் காண்பது பெரும்பாலும் மரத்தூசல். அகநானூற்றின் 20ஆம் பாட்டில் நெய்தல் நிலத்துப் பெண்கள் ஞாழல் மரத்தின் ஓங்கிய கிளையில், கழியோரத்துத் தாழையின் விழுதைக் கயிறாக்கி ஊசல் கட்டி ஆடுகின்றனர். மரமும் கயிறும் அந்தக் கடற்கரையிலேயே கிடைப்பன. உலோச்சனார் அவற்றை அழகுக்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை. எந்த மரம், எந்தக் கயிறு என்று சொல்லாவிட்டால் அந்த ஊசல் எந்த நிலத்தது என்பது புலப்படாது. திணை என்பதே அங்குக் கயிற்றின் வடிவில் தொங்குகிறது. நற்றிணையின் 90ஆம் பாட்டிலோ ஊசல் பனையோடு வருகிறது. விழாக் கொண்ட மூதூர். கஞ்சியிட்டு வெளுத்த ஆடை. மாலை அணிந்த பெண். தோழியர் ஊக்கியும் அவள் ஆடவில்லை. அழுதுகொண்டே விலகிச் செல்கிறாள். பெருங்கயிறு அங்கே உறுதியாகத் தொங்குகிறது. ஆடுவதற்குத்தான் உள்ளம் இல்லை. கயிற்றின் உறுதியைப் புலவர் முன்னே சொல்லியிராவிட்டால் இம் மறுப்பின் கனம் நமக்குத் தெரிந்திராது.

கலித்தொகையின் 37ஆம் பாட்டைப் பலரும் அறிவர். புனத்தருகே ஊசலாடும் பெண் ஒருத்தி, அங்கு வந்த இளைஞனைச் சிறிது ஊக்குமாறு கேட்கிறாள். அவன் ஊக்க, கை நழுவியவள் போல் நடித்து அவன் மார்பிற் சாய்கிறாள். அவன் அதனை மெய்யென்றே கொண்டு அவளை ஏந்திக்கொள்கிறான். இப் பாட்டின் குறும்பை மட்டும் வியந்து நிற்பார் உளர். அந்த நடிப்பு எடுபடுவதற்குக் காரணம் யாது? ஊசலிற் கை நழுவுதல் என்றும் நிகழக்கூடியது. ஆடுபவரும் அறிவர், ஊக்குபவரும் அறிவர். ஊசலின் மெய்யான இடர்ப்பாட்டின் மேல்தான் அந்தப் பொய்யான வீழ்ச்சி நிற்கிறது.

இவை எல்லாவற்றினும் நம்மை ஆழ்ந்து நிற்கச் செய்வது அகநானூற்றின் 68ஆம் பாட்டு. ஊட்டியார் பாடியது. நள்ளிரவு. தலைவன் வந்து காத்திருக்கிறான். தாய் உறங்கிவிட்டாளா என்பதைத் தோழி அறிய வேண்டும். அவள் தாயை விளித்து ஒன்றன்பின் ஒன்றாகச் சில செய்திகளைக் கூறிக் கேட்டாயோ என்கிறாள். அவற்றுள் ஒன்று இது: செந்தளிர் செறிந்த அசோகின் உயர்ந்த கிளையில் கட்டியிருந்த ஊசலைப் பாம்பு என்று எண்ணி, அடிமரம் பிளக்குமாறு இடி தாக்கிற்று. தாயிடமிருந்து மறுமொழி இல்லை. அவள் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கிறாள்.

தோழியின் சூழ்ச்சியைப் பாராட்டுவதோடு உரைகாரர் அமைந்துவிடுவர். நாம் கவனிக்க வேண்டியது அவள் தேர்ந்தெடுத்த செய்தியை. பகலெல்லாம் மகள் ஆடிய ஊசலின் கயிறு, அவிழ்க்கப்படாமல் மழையிரவில் மரத்திலேயே தொங்குகிறது. ஆளில்லாத கயிறு பாம்பாகத் தோன்றுகிறது. அதன்மேல் விழுந்த இடி கயிற்றோடு நில்லாமல் மரத்தையே பிளக்கிறது. ஊசலையும் மரத்தையும் ஒன்றாகவே அழிக்கும் இச்செய்தியைக் கேட்டு எந்தத் தாய் எழாமல் இருப்பாள்? எழவில்லை என்றால் அவள் உண்மையாகவே உறங்குகிறாள். விளையாட்டுப் பருவம் முடிந்தது என்பதனை இதைவிட அடக்கமாகச் சொன்ன பாட்டு நாம் அறிந்த அளவில் தமிழில் இல்லை. இதனைச் சொல்ல அந்தப் புலவருக்குத் தேவைப்பட்டவை யாவை? ஒரு கிளை, ஒரு கயிறு, ஓர் அடிமரம். ஆட்டம் தேவைப்படவில்லை. பாட்டு முழுவதிலும் அந்த ஊசலில் எவரும் ஆடுவதில்லை.

சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் ஊசல் வரி உண்டு. வஞ்சி மகளிர் சேரரின் வெற்றிகளைப் பாடி ஆடுகின்றனர். வடமும் மணியும் ஒரு சொல்லளவில் வந்து போகின்றன. பாட்டின் சுமை அரசர் புகழின் மேலேயே விழுகிறது. இங்கு நாம் நெடிது நிற்க வேண்டியதில்லை.

கம்பர் மிதிலைக்கு இராமனை அழைத்து வரும்போது, அந்நகரின் சோலையில் கமுக மரங்களிற் பூட்டிய ஊசலில் மகளிர் ஆடுவதைக் காட்டுகிறார். வருவதும் போவதுமாகிய அந்த ஆட்டத்துக்குப் பிறவியை உவமையாக்குகிறார். ஆடும் மகளிரோடு காண்போர் சிந்தையும் ஆடுகிறது. உவமையை எல்லாரும் எடுத்துக்காட்டுவர். அந்தக் கமுகைக் காட்டுவோர் குறைவு. அதன் காயைப் பவளம் என்றும் மரத்தை மரகதம் என்றும் கம்பர் கூறுகிறார். ஊசற் பாட்டுகளில் பவளம் என்றாலே நாட்டிய காலுக்கு உரியது என்பது மரபு. கம்பர் அதே பவளத்தை உயிருள்ள மரத்தின் காய்க்குக் கொடுத்துவிட்டார். மரத்தூசலுக்கும் காலூசலுக்கும் நடுவே நிற்கும் பாட்டு இது. மேலும் கமுகு வளைந்து கொடுக்கும் மெல்லிய மரம். அதிற் பூட்டிய ஊசல் ஆடுந்தோறும் மரமும் சிறிது ஆடும். இடை நோகுமே என்று வண்டுகள் இரங்குவதாகக் கம்பர் பாடியதில், அந்த மரத்தின் இடையையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இது நம் கற்பனை என்று ஒதுக்குவார் ஒதுக்குக.

இனி, நம் வாதத்தின் நடுவிடத்துக்கு வருவோம். திருவாசகத்தில் திருப்பொன்னூசல் ஒன்பது பாடல்களைக் கொண்டது. தில்லையில் அருளப்பெற்று, உத்தரகோசமங்கை இறைவனைப் போற்றுவது. அதன் முதற்பாட்டே பவளத்தாற் கால், முத்தாற் கயிறு, பொன்னாற் பலகை என்று ஊசலை நிறுவித் தொடங்குகிறது. மரக்கிளையிலிருந்து ஊசல் இறங்கிவிட்டது. அதற்குத் தனிக் கால்கள் வந்துவிட்டன.

இம் மாற்றம் சிறியதன்று. கிளையில் தொங்கும் ஊசல் அந்த மரம் உள்ள இடத்திலேயே இருக்க வேண்டியது. ஞாழல் இல்லாத இடத்தில் ஞாழல் ஊசல் இல்லை. கால் நாட்டிய ஊசலோ எங்கு நிறுத்தினாலும் நிற்கும். தில்லையில் இருந்துகொண்டு உத்தரகோசமங்கையைப் பாட மணிவாசகருக்குக் கிடைத்த வடிவம் அதுவே என்பது ஒரு தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பொருத்தமான தற்செயல். ஊரை விட்டு வந்தவர்களுக்கு உகந்த ஊசல், காலுள்ள ஊசல்.

இன்னொன்றும் கருதத்தக்கது. பொன்னூசலில் பலகையின் மேல் அமர்வோர் பெண்கள். இறைவன் திருவடியைப் பாடித் தாமே ஆடுவோம் என்று ஒருவரையொருவர் அழைக்கின்றனர். பிற்காலத்து ஊசல்களில் பலகை மேல் இறைவனோ இறைவியோ எழுந்தருள, பாடுவோர் கீழே நின்று ஆடியருளுமாறு வேண்டுகின்றனர். ‘ஆடுவோம்’ என்னும் வினை ‘ஆடியருள்க’ என்னும் வேண்டுகோளாகிவிட்டது. பிள்ளைப் பெருமாள் ஐயங்காரின் சீரங்கநாயகர் ஊசல் அவ்வகையில் புகழ்பெற்றது. அட்டப்பிரபந்தம் எனப் போற்றப்படும் எட்டு நூல்களுள் ஒன்று. ஈழத்திலும் கோயில்கள் பலவற்றுக்குத் திருவூஞ்சல் பாடப்பெற்றுள்ளது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் என்பன இறுதி மூன்று பருவங்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேரோடு தெருவில் முடிகிறது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் முதலியன ஊசலில் முடிகின்றன. பிள்ளைத்தமிழ் விட்ட இடத்திலிருந்து திருமண ஊஞ்சல் தொடங்குகிறது என்று கொண்டால், நம் சடங்கின் பொருள் சிறிது விளங்கும்.

இப்பிற்கால ஊசல்கள் அனைத்தையும் நாம் புகழ வரவில்லை. பவளக் கால், வயிர விட்டம், முத்து வடம், மாணிக்கப் பலகை என்று நவமணிகளை உறுப்புதோறும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குச் செல்லும் புலவர் பலர். எந்த மணி எந்த உறுப்புக்கு ஏன் தகும் என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. வேதங்களைக் காலாக்கியும் பிரணவத்தை உறுப்பாக்கியும் தத்துவம் சொல்வோருள்ளும் தரம் பலவாறாக உள்ளது. நல்ல புலவன் யார் என்பதை இங்கு எளிதாகக் கண்டுகொள்ளலாம். நிற்க வேண்டியதற்கு நிற்கும் பொருளையும், வளைய வேண்டியதற்கு வளையும் பொருளையும், அமர்வதற்கு அகன்ற பொருளையும் எவன் கொடுக்கிறானோ அவனுக்கு ஊசல் கட்டத் தெரியும். மணிவாசகர் முத்தைக் கயிற்றுக்குக் கொடுத்தார். முத்து கோக்கத்தக்கது, கோத்தபின் வளைந்து கொடுப்பது. பவளத்தைக் காலுக்குக் கொடுத்தார். அது கடலில் கிளைத்து நிற்பது. பொன்னைப் பலகைக்குக் கொடுத்தார். அது தகடாக விரிவது. பட்டியலாகத் தோன்றும் இடத்திற் கைவேலையின் அறிவு இருக்கிறது. ‘மரபு பற்றிய வருணனை’ என்னும் தொடர் இந்த வேறுபாட்டைக் காணவிடாமல் நல்லதையும் அல்லதையும் ஒரே மூட்டையிற் கட்டிவிடுகிறது.

கால் இல்லாமலும் ஊசலை உயர்ந்த கவிதையாக்கலாம் என்பதற்கு வங்கத்தில் சான்று உண்டு. தாகூரின் ‘சோனார் தரீ’ (1894) தொகுதியில் உள்ள ‘ஜூலன்’ என்னும் கவிதையில், புயல் வீசும் இரவில் கவிஞர் தம் உயிரோடு தாமே ஊசலாடுகிறார். அங்கு விட்டமும் இல்லை, தேவையும் இல்லை, எல்லாம் வேகம். நம் மரபு அவ்வழியிற் செல்லவில்லை. ‘உயிர் ஊசலாடுகிறது’, ‘மனம் ஊசலாடுகிறது’ என்னும் பேச்சு வழக்குகளில் மட்டும் நாமும் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு விட்டத்தை விட்டுவிட்டோம்.

இனி மூன்றாவது ஊசல். வீட்டின் உத்தரத்திலேயே தொங்கும் கூடத்து ஊஞ்சல். சிற்றிலக்கியப் புலவர்கள் இதனைப் பெரிதும் பாடவில்லை. இது பெண்களின் வாய்ப்பாட்டுக்கும், பின்னர் உரைநடைக்கும் உரியதாயிற்று. நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் திரைப்படங்களிலும் கூடத்து ஊஞ்சல் எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை எண்ண இயலாது. அதன் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: கிறீச்சிடுதல். தாத்தா மறைந்த பிறகு ஊஞ்சல் கிறீச்சிடும். மகன் வடக்கே வேலைக்குப் போன பிறகு கிறீச்சிடும். பாகப் பிரிவினைக்கு முதல் நாள் இரவு கட்டாயம் கிறீச்சிடும். இத்தனை கதைகளில் ஒரு மருமகளோ மகனோ ஒரு கரண்டி விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு வந்து கொக்கியில் விட்டதாக நாம் படித்ததில்லை. விட்டால் கதை முடிந்துவிடும் என்று ஆசிரியர் அஞ்சுகிறார் போலும்.

நகைச்சுவைக்காக இதனைச் சொல்லவில்லை. ஊஞ்சல் உள்ள வீடுகளில் அதனைப் பேணுவது ஓர் ஒழுங்கான வேலை. வளையமும் கொக்கியும் உராயும் இடத்தில் எண்ணெயோ கிரீசோ இட வேண்டும். துருவைத் துடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் சங்கிலியைக் கழற்றி, வளையத்தின் உட்புறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தேய்ந்து மெலிந்த வளையத்தையும் வாய் விரிந்த கொக்கியையும் மாற்ற வேண்டும். பழுது பார்த்தல் ஆகாது. பலகையின் அடியில் முடுக்கிய திருகாணிகள் ஆட்டத்தால் தளர்வன. அவற்றை இறுக்க வேண்டும். வெளித்திண்ணை ஊஞ்சலாயின் மழைநீர் பலகையின் ஓரத்தில் ஊறி விரிசல் விடும். மழைக்காலத்துக்கு முன் எண்ணெய் பூச வேண்டும், அல்லது பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். கிறீச்சொலி சோகத்தின் குரல் அன்று. இரும்பு இரும்பைத் தின்னும் ஒலி. அதனைக் கேட்டும் எண்ணெய் இடாத வீடு துயரத்தில் இருக்கிறது என்பது உண்மையாகலாம். ஆனால் அந்தத் துயரத்தைக் காட்டுவதற்கு எண்ணெய்க் கிண்ணத்தை ஆசிரியர் நமக்குக் காட்டியிருக்க வேண்டும். யாருடைய கை அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தது, அந்தக் கை இப்போது எங்கே என்று சொல்லியிருந்தால் கதை எழுந்து நின்றிருக்கும். நம் செய்யுள் ஊசலை நிறுவ அறிந்தது, பேணுதலைப் பாடவில்லை. நம் உரைநடை பேணாமையின் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறுவுதலையும் பேணுதலையும் ஒருங்கே விட்டுவிட்டது. ஊட்டியார் ஒருவரே, அவிழ்க்காமல் விட்ட கயிற்றையும் அதனால் வந்த கேட்டையும் ஒரே பாட்டில் வைத்தவர்.

நாம் வாழும் இம் மாநிலத்தில் இந்த அறிவைப் புதுப்பித்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அகமதாபாத் பழைய நகரின் போள் வீடுகளில் ‘ஹீஞ்ச்கோ’ இன்றும் தொங்குகிறது. ஓட்லா எனப்படும் தெருத்திண்ணையைக் கடந்து உள்ளே சென்றால், பித்தளைக் கம்பிகளும் அவற்றின் இடையே யானை, மயில் உருவங்களும் கொண்ட சங்கிலிகளைக் காணலாம். குஜராத்தியர் அதன்மேல் அமர்ந்து தேநீர் அருந்துவர், கணக்குப் பார்ப்பர், சம்பந்தம் பேசுவர். வைணவக் கோயில்களில் மழைக்காலத்தில் ‘ஹிண்டோளா’ விழா நடைபெறுகிறது. கண்ணனின் ஊசலை நாளுக்கு ஒரு பொருளால், மலரால், கனியால், அணி செய்வர். மதுரையிலும் திருவரங்கத்திலும் ஊஞ்சல் விழாக் கண்டவர்களுக்கு அது அயலாகத் தோன்றாது.

சங்கேடா என்னும் ஊரின் கடைசல் வேலையை இங்குச் சிறப்பாகக் குறிக்க வேண்டும். முன்பு வதோதரா மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2013 முதல் சோட்டா உதேபூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் தச்சர்கள் தேக்கைக் கடைந்து, அரக்கு ஏற்றிச் செம்மையும் பொன்மையுமாக மெருகிடுகின்றனர். அவர்கள் செய்யும் ஊஞ்சல்களுள் தனிக் கால்களோடு நிற்பவை உண்டு. உத்தரம் வேண்டா, கொக்கி வேண்டா. வீட்டின் எந்த மூலையிலும் நிறுத்தலாம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். அந்தச் சிவந்த, உருண்ட கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து திருப்பொன்னூசலின் முதற்பாட்டைப் படிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று நாம் சொல்லவில்லை. பவளக் கால் என்பது புலவர் வாயின் மிகை என்று எண்ணியிருந்தவர், அது ஒரு தச்சனின் கண்ணுக்கும் எட்டக்கூடிய காட்சி என்பதை உணர்வர். அவ்வளவே.

நம் மணமண்டபங்களில் பூச்சுற்றி நிறுத்தும் வாடகை ஊஞ்சலைப் பற்றி மூத்தோர் சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. எங்கள் கூடத்தில் தொங்கியது ஊஞ்சல்; இந்த இரும்புச் சட்டகமா ஊஞ்சல் என்பர். அவர்களுடைய ஏக்கம் மதிக்கத்தக்கது. எனினும் இலக்கியத்தின் பக்கம் நின்று பார்த்தால் முடிவு மாறுகிறது. கூடத்து ஊஞ்சலில் கால் இல்லை. பாட்டில் கால் இருக்கிறது. கால் நாட்டி, விட்டம் பூட்டி, வடம் இழுத்து, பலகை சேர்த்து நிற்கும் இந்த வாடகைச் சட்டகமே மணிவாசகர் பாடிய வடிவத்துக்கு அருகில் நிற்கிறது. ஆகவே கூடத்தில் பாடும்போது பொருந்தாமல் நின்ற அடிகள் மண்டபத்திற் பாடும்போதுதான் கண்ணெதிரே பொருள் பெறுகின்றன. அந்த அடிகளைத்தான் நாம் நேரமில்லை என்று வெட்டுகிறோம்.

நம் பிள்ளைகளிற் பலர் தமிழ்ப் பாட்டைக் குஜராத்தி எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதி வைத்துப் பாடுகின்றனர். வாழ்த்து அடிகளிலுள்ள அருஞ்சொற்கள் அவர்களுக்கு விளங்குவதில்லை. கால், கயிறு, பலகை என்பன விளங்கும். விளங்காதாயின் எதிரே நிற்பதைச் சுட்டிக்காட்டலாம். ஒரு சொல்லை அதன் பொருளுக்கு எதிரே நிறுத்திக் கற்பிக்க நமக்கு ஆண்டில் எத்தனை வாய்ப்புகள் கிடைக்கின்றன?

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். பந்தல் அமைப்பவர், பெரும்பாலும் குஜராத்தி அன்பர், மணமக்கள் ஏறுவதற்கு முன் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்க்கிறார். விட்டத்தின் திருகாணிகளை ஒருமுறை முடுக்குகிறார். பலகையின் மேல் தம் முழங்கையை ஊன்றி அழுத்துகிறார். இதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது. பாடும் பெண்கள் அதுவரை வாளா நின்று, அவர் இறங்கட்டும் என்று காத்திருக்கின்றனர். காலையும் விட்டத்தையும் பாடும் பாட்டை அப்போதே தொடங்கிவிடலாம்.